கடலோரப் பேரூராட்சியில் வாய்க்கால் அடைப்பு: மனு யாருக்கு, எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலோரப் பேரூராட்சி ஒன்றில் மழைநீர் வாய்க்கால் கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது. சாக்கடைத் தண்ணீர் பின்னோக்கி ஏறி இரண்டு தெருவில் நிற்கிறது. போதாததற்கு வாய்க்கால் கரையிலேயே குப்பையும் கொட்டுகிறார்கள். செயல் அலுவலருக்கு மூன்று மனு கொடுத்தும் எழுத்தில் பதில் இல்லை. நேரில் போனால் "அது எங்க வேலை இல்ல" என்கிறார்கள். மனுவை எப்படி எழுதினால் வேலை நடக்கும், இல்லையென்றால் நேராக நீதிமன்றம் போகலாமா என்பது உங்கள் கேள்வி. எழுதும் விதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது: அந்த வாய்க்கால் யார் பொறுப்பு என்பது இன்னும் எழுத்தில் நிலைநாட்டப்படவில்லை. அது தெரியாமல் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் மனு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளாட்சி மனுக்களோடும் கோப்புகளோடும் பல ஆண்டு பழகியதை வைத்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கு பற்றிச் சொல்லும் பகுதியை வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மூன்று மனுவும் ஏன் கிடப்பில் போயின என்பது. ஒரே தாளில் வாய்க்கால், முகத்துவாரம், குப்பை, கழிவுநீர் என நான்கையும் எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் தபால் ஒரு பொருளுக்கு ஒரு கோப்பு என்றுதான் பிரிவுக்குப் போகும். குப்பையைப் பார்க்கும் துப்புரவுப் பிரிவு "முகத்துவாரம் நம்முடையது இல்லை" என்று குறிப்பு எழுதும். பொறியியல் பிரிவு "குப்பை சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தது" என்று எழுதும். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் மனு யார் மேசையிலும் நிற்காது. நான்கு பிரச்சினைக்கு நான்கு மனு, ஒவ்வொன்றும் ஓர் அலுவலருக்கு மட்டும், ஓர் இடத்தைப் பற்றி, ஒரு வேலையை மட்டும் கேட்டு. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

இனி, யாருடையது என்று கண்டுபிடிப்பது. வாய்க்கால் ஓடும் நிலத்தின் புல எண்ணை (சர்வே எண்) கிராம நிர்வாக அலுவலரிடமோ தமிழக அரசின் இணையவழிப் பட்டா சேவையிலோ தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்தின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேராக வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு என்று ஏதாவது வகைப்பாடு இருக்கும். புலப்படத்தில் வாய்க்காலின் அகலம் மீட்டரில் போட்டிருக்கும். அதையும் இன்று தரையில் இருக்கிற அகலத்தையும் ஒப்பிட்டால் ஆக்கிரமிப்பு உண்டா இல்லையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இருந்தால் அது ஐந்தாவது மனு, வட்டாட்சியருக்கு. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் முதலில் 7ஆம் பிரிவு அறிவிப்பு, பிறகு 6ஆம் பிரிவு வெளியேற்ற நடவடிக்கை என்பது நடைமுறை.

பொதுவாகச் சொன்னால், தெருவோரமாகப் பேரூராட்சியே கட்டிய வடிகால் பேரூராட்சியைச் சேரும். மாநில நெடுஞ்சாலையை ஒட்டி ஓடினால் நெடுஞ்சாலைத் துறைக்குப் போகலாம். ஏரி, பாசன வாய்க்காலின் கடைமடையாகவோ ஆற்றின் கிளையாகவோ வந்து கடலில் விழுந்தால் நீர்வளத் துறை. அது 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. இன்றும் பலர் பழைய துறைப் பெயரில் எழுதி, மனு அங்கிருந்து இங்கே வரவே மாதக்கணக்காகிறது. மீன் இறங்குதளத்தின் கழிவு என்றால் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் உதவி இயக்குநர். ஐஸ் தொழிற்சாலை, மீன் பதப்படுத்தும் ஆலை போன்றவற்றின் கழிவுநீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். இதில் எது உங்கள் வாய்க்கால் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பதிவேடு கூட நிலம் யாருடையது என்றுதான் சொல்லும், தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்று எல்லா நேரமும் சொல்லிவிடாது. அதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அதற்கு முன், அடைப்பு உண்மையில் எங்கே என்று நீங்களே பார்த்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு "மணல் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி எழுதினால் அதோடு மனு முடிந்துவிடுகிறது. நம் கரையில் ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். தெருவுக்கு அருகில் உள்ள சிறுபாலத்தின் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஓதம் ஏறி நிற்கும் நேரத்திலும், நன்றாக வற்றிய நேரத்திலும் கோட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாட்களில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, மூன்று நாலு நாள் பார்த்தால் போதும். அப்போதுதான் ஏற்ற இறக்கம் அதிகம். கடல் வற்றியும் வாய்க்காலில் தண்ணீர் அசையவே இல்லை என்றால், கோட்டுக்கும் கடலுக்கும் நடுவே எங்கோ அடைப்பு இருக்கிறது. அதே நேரத்தில் முகத்துவாரத்துக்கு உட்புறம் ஒட்டியும் பாருங்கள். அங்கும் தண்ணீர் வற்றவில்லை என்றால் குற்றவாளி மணல் திட்டு. அங்கே வற்றி, தெருவருகே மட்டும் நிற்கிறது என்றால் அடைப்பு உள்ளேதான்: தூர், பிளாஸ்டிக், யாரோ மண்ணைப் போட்டு வைத்த தற்காலிகப் பாதை. மூன்றாவது ஒன்றும் உண்டு. வற்றும்போது இரண்டு இடத்திலும் ஒழுங்காக இறங்கி, ஏறும்போது மட்டும் தெருவுக்குள் வந்தால், அது அடைப்பே இல்லை. தெருவின் மட்டம் தாழ்வு, கடல் தண்ணீரே உள்ளே வருகிறது. அதற்குத் தூர்வாரச் சொல்லிக் கேட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கடல் பக்கம் மட்டும் திறக்கும் மடைக்கதவு மாதிரியான கட்டுமானம் வேண்டும், அதற்கு மட்ட அளவீடு வேண்டும். மூன்றுக்கும் மனு வேறு, அலுவலர் வேறு, செலவும் வேறு.

மணல் திட்டுதான் காரணம் என்று தெரிந்தால், ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு வாய்க்கால்களின் வாய் அடைபடுவது இயற்கையாகவே நடப்பது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். உள்ளிருந்து வரும் நன்னீரின் வேகம் குறையும் மாதங்களில் வாய் மூடிக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். ஆகவே ஜே.சி.பி. வைத்து ஒருமுறை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று எந்த அலுவலரும் உறுதி தர முடியாது, நீங்களும் அப்படிக் கேட்காதீர்கள். "ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் முகத்துவாரத்தைத் திறந்து பராமரிக்க வேண்டும்" என்று கேளுங்கள். பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட பிறகுதான் உங்கள் வாய் அடைபடத் தொடங்கியது என்று ஊரில் பேச்சு இருந்தால், அது உண்மையாக இருக்கலாம். கல் தடுப்பு மணல் ஓட்டத்தை மாற்றும், வழக்கமாக அதன் வடபுறம் அரிக்கும், தென்புறம் சேரும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் உங்கள் இடத்தில் அதுதான் காரணம் என்று ஆய்வு இல்லாமல் மனுவில் அடித்து எழுதினால், மறுப்பதற்கு ஒரு வரியை நீங்களே தந்ததாகிவிடும். தூண்டில் வளைவை வேறு மனுவில் வையுங்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அனுப்புநர், பெறுநருக்குக் கீழே பொருள் என்ற இடத்தில் "வடிகால் பிரச்சினை தொடர்பாக" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "இன்ன பேரூராட்சி, இத்தனையாவது வார்டு, புல எண் இன்னது, வாய்க்காலில் இன்ன தெரு சிறுபாலம் முதல் முகத்துவாரம் வரை சுமார் 180 மீட்டர் தூர்வாரக் கோருதல்" என்று எழுதுங்கள். பொருளைப் படித்ததுமே எழுத்தருக்கு எந்தப் பிரிவு என்று தெரிய வேண்டும். பார்வை என்ற இடத்தில் பழைய மூன்று மனுக்களின் தேதியும், ஒப்புகை எண் இருந்தால் அதுவும். உடலில் மூன்று பத்திதான்: என்ன நிலை, எத்தனை வீடு பாதிக்கிறது, எந்த மாதத்திலிருந்து என்பது முதல் பத்தி, நீங்கள் கோட்டில் எடுத்த அளவு, தேதி, நேரம் இரண்டாவது, என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மூன்றாவது. "பலமுறை சொல்லியும் அலட்சியமாக இருக்கும் அதிகாரிகள்" என்ற வரியைச் சேர்க்காதீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த வரி இருந்தால் கோப்பில் பதில் அந்த வரிக்குத்தான் எழுதப்படும், வாய்க்காலுக்கு இல்லை. புகைப்படம் நான்கு போதும்: ஒரே இடத்தில் நின்று ஓதம் ஏறியபோது ஒன்று, வற்றியபோது ஒன்று, முகத்துவாரத் திட்டு ஒன்று, வீட்டு வாசலில் தண்ணீர் ஒன்று. ஒவ்வொன்றின் பின்னும் தேதி, நேரம், எடுத்த இடம்.

நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்காமல் வராதீர்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம், அஞ்சலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவு அஞ்சலில் அனுப்பி, பட்டுவாடாச் சான்றும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவைப் பெற்றால் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு கண்டு மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.09.2015 தேதியிட்ட அரசாணை எண் 99. அதை மனுவின் கடைசி வரியில் குறிப்பிடுங்கள். அரசாணையைக் காட்டியதால் வாய்க்கால் தானாகத் தூர்வாரப்படாது; ஆனால் அடுத்த கட்டத்தில் மேலதிகாரி முன்னால் நிற்கும்போது அந்த ஒரு வரி உதவும்.

செயல் அலுவலரிடம் ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் அடுத்த படி பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், மாவட்ட அளவிலான அலுவலர். பலர் இவரைத் தாண்டிக்கொண்டு நேரே ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கோ முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணுக்கோ போகிறார்கள். போகக் கூடாது என்றில்லை, பதிவு எண் கிடைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் அங்கே கொடுத்த மனு கடைசியில் "தகுந்த நடவடிக்கைக்காக" என்று அதே செயல் அலுவலருக்குத்தான் இறங்கி வரும். அவர் "இவ்விடம் இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை" என்று எழுதினால் மனு முடித்துவைக்கப்பட்டதாகக் கணினியில் காட்டும். அந்தப் பதிலைத் தூக்கிப் போடாதீர்கள். "எங்கள் வேலை இல்லை" என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, எழுத்தில் சொன்னதற்கு இருக்கிறது. அந்தக் கடித நகலை இணைத்து நீர்வளத் துறைச் செயற்பொறியாளருக்கு எழுதுங்கள். அவரும் தன்னுடையது இல்லை என்று எழுதினால், இரண்டு கடிதத்தையும் சேர்த்து ஆட்சியரிடம் "பொறுப்பு எத்துறை என்று முடிவு செய்து ஆணையிட வேண்டும்" என்று ஒரே கோரிக்கை வையுங்கள். துறைகளுக்கு நடுவே முடிவு சொல்லக்கூடியவர் மாவட்டத்தில் அவர்தான்.

தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்று அறிய வேறு ஒரு வழி இருக்கிறது என்றேனே, அது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். பதிவில் இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்பது உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்ன நிலை. ஆவணத்தைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் அந்தப் புல எண் வாய்க்காலைத் தூர்வாரிய வேலைகளின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கம் ஆகியவற்றின் நகல், உங்கள் மனு எந்த ந.க. எண்ணில் (நடப்புக் கணக்கு எண், அதாவது கோப்பு எண்) பதிவானது, எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, கோப்பின் குறிப்புப் பக்க நகல். அந்த வாய்க்கால் பற்றிய மன்றத் தீர்மானங்களின் நகல். ஏதாவது ஓர் ஆண்டில் பேரூராட்சி அதைத் தூர்வாரிப் பணம் கொடுத்திருந்தால் "எங்கள் வேலை இல்லை" என்ற வாதம் அன்றோடு ஆட்டம் காணும். தமிழகத்தில் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆவணம் வேறு துறையிடம் இருந்தால் விண்ணப்பத்தை அங்கே ஐந்து நாளில் அனுப்பிவைக்க வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. அப்படி எந்தத் துறைக்கு அனுப்புகிறார்கள் என்பதே உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

"கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கை வைக்க முடியாது" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். கடலோரம் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் அந்த மண்டலத்தில் வரும் என்பதும், அங்கே மணல் அள்ளத் தடை இருப்பதும் உண்மை. ஆனால் 2011 அறிவிக்கை நீர்வழிகளையும் வாய்க்கால்களையும் சுத்தம் செய்து பராமரிப்பதையும், மணல் திட்டு உருவாகாமல் தடுப்பதையும் விதிவிலக்காகத்தான் வைத்திருக்கிறது. எனவே "எந்த வேலையும் கூடாது" என்பது சரியான வாசிப்பு இல்லை. அனுமதி யார் தருவது, எந்த முறையில் என்பதை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டலக் குழுவிடம் கேட்க வேண்டும். பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. ஊரார் சேர்ந்து இரவோடு இரவாக இயந்திரம் வைத்து வெட்டி, மணலை வண்டியில் ஏற்றினால் வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும். அதே அறிவிக்கைதான் மண்டலத்துக்குள் குப்பை கொட்டுவதையும் சுத்திகரிக்காத கழிவுநீர் விடுவதையும் தடை செய்கிறது. குப்பை மனுவில் அதைச் சொல்லுங்கள், கொட்டும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் சேர்த்து.

கழிவுநீர் வீட்டுக் கழிப்பறைத் தொட்டிகளிலிருந்து வருகிறதா, ஆலையிலிருந்து வருகிறதா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ முடிவு செய்யாதீர்கள். தனியார் ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவுதான். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரியமே முறையாக மாதிரி எடுத்தால்தான் அது நடவடிக்கைக்குச் சான்றாகும். ஆகவே "மாதிரி எடுத்துச் சோதித்து முடிவைத் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள், ஆலையின் பெயரைக் குற்றவாளியாக எழுத வேண்டாம்.

காலம் தவறினால் எல்லாம் வீண். மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று போய் வேலை தொடங்க வாரக்கணக்காகும். பருவமழைக்கு முந்தைய தூர்வாரலுக்கு ஜூன் மாதமே மனு உள்ளே இருக்க வேண்டும். செப்டம்பரில் கொடுத்தால் "மழைக்குப் பின்" என்று பதில் வரும், மழைக்குப் பின் தண்ணீர் வடிந்ததும் கோப்பு தூங்கிவிடும். மடைக்கதவு போன்ற பெரிய வேலை என்றால் வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலத்துக்கு முன்பே, டிசம்பர் வாக்கில், வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்தில் தீர்மானமாக வர வேண்டும். உறுப்பினரைச் சந்திப்பதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். மன்றத் தீர்மானம் இல்லாமல் செயல் அலுவலர் பெரிய செலவைத் தொட முடியாது.

ஊருக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. வாயை எங்கே திறப்பது என்பதில் படகைக் கட்டி நிறுத்துகிறவர்களுக்கும் தெருவில் தண்ணீர் நிற்கிறவர்களுக்கும் விருப்பம் ஒன்றாக இராது. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்திடம் முன்பே பேசி, இடத்தை ஒத்துக்கொண்டதாக எழுத்து வாங்குங்கள். எதிர் மனு ஒன்று வந்தால் போதும், "இரு தரப்பினரிடையே கருத்து வேறுபாடு உள்ளதால்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். 200 கையெழுத்து வாங்கினாலும் பதில் முதல் கையெழுத்துக்காரருக்குத்தான் வரும்; கடலுக்குப் போகிறவரை முதலில் போடாமல், எப்போதும் வீட்டில் இருக்கும் ஒருவரைப் போடுங்கள், முழு முகவரியோடு. மகளிர் குழுத் தலைவி பல ஊர்களில் இதற்குச் சரியான ஆள்.

நீதிமன்றம் கடைசிக்கு. உயர் நீதிமன்றத்தில் மனு போட்டால் முதல் கேள்வியே "அலுவலரிடம் கேட்டீர்களா" என்பதுதான். பல வழக்குகள் "மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற உத்தரவோடு முடிகின்றன. அது வேண்டுமானால், பரிசீலிக்கத் தகுந்த தெளிவான மனு முதலில் இருக்க வேண்டும். கழிவுநீர், குப்பை போன்ற சுற்றுச்சூழல் கேடு மட்டும் என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் என்று காலவரம்பு உண்டு. தொடர்ந்து நடக்கும் மாசுக்கு அந்த முதல் நாள் எது என்பது வாதத்துக்கு உரியது. ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் தேதிகளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மனுக்களுக்குப் பதில் வரும் என்று காத்திருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கான மனுவை மட்டும் மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தாமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.